‘பார்க்கணும்’ என்றொரு ஃபோல்டர்

போன மாதம் ஒரு பழைய சான்றிதழின் ஸ்கேன் தேவைப்பட்டது. எடுத்து வைத்திருக்கிறேன் என்பது நிச்சயம், எங்கே என்பதுதான் தெரியவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். முதலில் ‘பேக்கப்’. அதற்குள் ‘பழைய லேப்டாப்’. அதற்குள் ‘டி டிரைவ்’, அதற்குள் ‘டெஸ்க்டாப்’, அதற்குள் ‘டெஸ்க்டாப்பில் இருந்தவை’, அதற்குள் ‘புதிய ஃபோல்டர் (3)’, அதற்குள் ‘பார்க்கணும்’. அந்தக் கடைசி ஃபோல்டரில் 412 ஃபைல்கள். தேடியது அங்கேதான் இருந்தது. பெயர் ‘ஸ்கேன்0007’.

ஒன்றரை மணி நேரம் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த அக்கா மகள் தலையைத் தூக்கினாள்.

“ஸர்ச்ல அடிச்சா வந்துடாதா மாமா?”

“அடிச்சேன்மா. வரல.”

“என்னன்னு அடிச்சீங்க?”

“சான்றிதழ்னு.”

“ஃபைல் பேரு?”

“ஸ்கேன் ஜீரோ ஜீரோ ஜீரோ ஏழு.”

“அப்போ அதுக்கு மட்டும் எப்படி மாமா தெரியும்?”

திரும்ப போனுக்குள் போய்விட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இருபது வருடமாக ஃபைல்களை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தவன் நான். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, பக்கம் வடிவமைத்துப் பிழைப்பவன். காற்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிப்பேன். என் கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததில்லை.

அந்த டிஸ்கைச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தேன். முதல் வேலையிலேயே முட்டுக்கட்டை. ‘பழைய லேப்டாப்’ ஃபோல்டரை அப்படியே புதிய டிஸ்குக்கு நகலெடுக்கப் பார்த்தால், பாதையின் நீளம் அதிகம் என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. டிரைவின் எழுத்தில் தொடங்கி, வழியிலுள்ள எல்லா ஃபோல்டர் பெயர்களையும் கடந்து, ஃபைல் பெயர் முடியும் வரை மொத்தம் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய கணக்கு. 2016-க்குப் பிறகு இந்தத் தடையை நீக்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் மாற்றும்போதும் பழையதை முழுசாக அள்ளிப் புதியதற்குள் ஒரு ஃபோல்டராகப் போட்டதன் விளைவு இது. உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை. கடைசியில் மேல்மட்ட ஃபோல்டர்களின் பெயர்களை ‘ப’, ‘டி’, ‘டெ’ என்று ஒற்றை எழுத்தாக வெட்டிச் சுருக்கிய பிறகுதான் உள்ளே இருந்தவை வெளியே வந்தன.

ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் நூல் என்று பொருள்படும் ஒரு சொல். தாள்களைக் கம்பியிலோ நூலிலோ கோத்துத் தொங்கவிட்ட காலத்தின் மிச்சம். தமிழில் நாம் சொல்லும் கோப்பும் கோத்தலிலிருந்து வந்ததுதான். ஓலைச்சுவடியில் துளையிட்டுக் கயிறு கோர்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியிருக்காது. கோத்த தாளுக்கு ஒரு வசதி உண்டு, வரிசை குலையாது. ஆனால் நடுவிலுள்ள ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டர் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

கம்ப்யூட்டருக்குள் ஃபோல்டர் என்பது பெட்டியோ உறையோ கிடையாது. அது ஒரு பட்டியல். இந்தப் பெயருள்ள ஃபைல் டிஸ்கில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, அவ்வளவுதான். நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 40 ஜிகாபைட் வீடியோ ஒன்றை அதே டிரைவில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துங்கள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதையே பக்கத்து டிரைவுக்கு நகர்த்தினால் எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். முதலாவதில் வீடியோ அசையவே இல்லை. ஒரு பட்டியலில் ஒரு வரியை அடித்து, இன்னொரு பட்டியலில் ஒரு வரி எழுதினார்கள். இரண்டாவதில்தான் சரக்கு உண்மையிலேயே இடம் பெயர்கிறது.

பட்டியலுக்குள் பட்டியல் என்ற இந்த மர அமைப்பு 1965-லேயே மல்டிக்ஸ் என்ற பெரிய கம்ப்யூட்டர் திட்டத்துக்காக எழுதி வைக்கப்பட்டது. ஆனால் மேசைக் கம்ப்யூட்டருக்கு அது வரத் தாமதமானது. 1981-ல் வந்த முதல் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் ஃபோல்டரே கிடையாது. ஃப்ளாப்பியின் கொள்ளளவு 160 கிலோபைட், அதில் 64 ஃபைல்களுக்கு மேல் வைக்க முடியாது. ஃபோல்டருக்கு அங்கே என்ன வேலை? 1983-ல் ஐபிஎம் எக்ஸ்டி என்ற கம்ப்யூட்டர் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்கோடு வந்தது. இடம் பெருகியதும் குப்பையும் பெருகியது, கூடவே வந்த டாஸின் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டரும் வந்தது. 1984-ன் முதல் மெக்கின்டாஷ் இன்னும் வேடிக்கை. திரையில் ஃபோல்டர் படம் தெரியும், டிஸ்கில் அப்படி ஒன்று இருக்காது. எல்லா ஃபைலும் ஒரே தளத்தில் கிடக்கும், படம் கண்ணுக்கு மட்டும். அதனால் இரண்டு வேறு ஃபோல்டர்களில்கூட ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வைக்க முடியாது. அடுத்த வருடமே அதை மாற்றிவிட்டார்கள் என்றாலும், எனக்கு அந்த முதல் மெக்கின்டாஷ் மேல் ஒரு மரியாதை. பெயரை ஒழுங்காக வை என்று மனிதனை வற்புறுத்திய கடைசி மெஷின் அதுதான் போல.

சரி, சுத்தம் செய்த கதைக்கு வருகிறேன். முதல் தடவை எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். ஒரு தாளை எடுத்து மரம் வரைந்தேன். வேலை, வீடு, படங்கள், பணம், படிக்க வேண்டியவை. வேலைக்குள் பதிப்பகங்கள், பதிப்பகத்துக்குள் புத்தகங்கள், புத்தகத்துக்குள் கையெழுத்துப் பிரதி, மெய்ப்பு, அட்டை, கடிதங்கள், கணக்கு. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு நாள் அதன்படி ஃபைல்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு ரசீதில் மாட்டிக்கொண்டேன். அட்டைப்படம் வரைந்தவருக்கு நான் பணம் கொடுத்ததற்கான ரசீது. அதை அந்தப் புத்தகத்தின் கணக்கில் போடுவதா, ‘பணம்’ ஃபோல்டரில் போடுவதா, வருமான வரிக்காக அந்த வருடத்தில் போடுவதா, ஓவியர் பெயரில் போடுவதா? நாலும் நியாயம். ஃபைல் ஒன்று.

நூலகத்தில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் எஸ். ஆர். ரங்கநாதன். ஒரு புத்தகத்தை ஒரு தட்டில்தான் நிறுத்த முடியும், ஆனால் அது பேசும் பொருளுக்குப் பல முகங்கள். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, புத்தகத்தின் பொருளை முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, அவற்றை நிறுத்தற்குறிகளால் இணைத்து ஒரே எண்ணாக்கிவிடும். இடமும் காலமும்கூட அந்த எண்ணில் வந்துவிடும். புத்தகம் நிற்பது ஒரே தட்டில்தான், அதன் முதுகில் ஒட்டிய எண்ணில் எல்லா முகமும் எழுதியிருக்கும். இதைப் பள்ளியில் பொது அறிவுக் கேள்வியாக மனப்பாடம் செய்தவன் நான். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோதுதான் அவர் என்ன செய்தார் என்பது உறைத்தது.

ஒரே பொருளைப் பல இடங்களில் காட்டும் வழிகள் கம்ப்யூட்டரிலும் உண்டு. ஷார்ட்கட் போடலாம், லேபிள் ஒட்டலாம். 2004-ல் வந்த ஜிமெயில் ஃபோல்டரை விட்டுவிட்டு லேபிளைப் பிடித்துக்கொண்டது. ஒரே மடலுக்கு எத்தனை லேபிளும் ஒட்டலாம். கூகுள் டிரைவிலும் ஒரு காலத்தில் ஒரே ஃபைலைப் பல ஃபோல்டர்களில் வைக்க முடிந்தது. 2020-ல் அதை நிறுத்தி, ஒரு ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர், மற்ற இடங்களில் ஷார்ட்கட் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரு பொருள் மூன்று இடத்தில் இருக்கிறது என்றால், ஒன்றை அழித்தால் மற்ற இரண்டும் என்னாகும் என்ற பயம் எனக்கும் உண்டு.

என் மரம் இரண்டு வாரத்தில் பட்டுப்போனது. எங்கே போடுவது என்று தெரியாதவற்றுக்காக ‘இதர’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். பதினைந்தாம் நாள் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கொழுத்திருந்தது. ‘பார்க்கணும்’ ஃபோல்டரின் தம்பி.

கொஞ்சம் படித்துப் பார்த்தேன், நமக்கு மட்டும்தான் இப்படியா என்று. 1983-ல் தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் ஆட்கள் தங்கள் மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். பெயரிட்டு அடுக்கிய கோப்புகள் ஒரு பக்கம், பெயரில்லாத குவியல்கள் ஒரு பக்கம். குவியல் சோம்பேறித்தனத்தால் மட்டும் வருவதில்லை என்பது அவர் கண்டது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவெடுப்பதே கடினமான வேலை. அதோடு, கண்முன் கிடக்கும் தாள் செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டிக்கொண்டும் இருக்கும். என் டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பவை எல்லாம் அப்படி நினைவூட்டுவதற்காகத்தான் கிடக்கின்றன என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

2011-ல் வந்த இன்னொரு ஆய்வு மின்னஞ்சலைப் பற்றியது. 345 பேர் பழைய மடல்களைத் தேடி எடுத்த 85,000-க்கும் மேற்பட்ட தருணங்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். விதவிதமாக ஃபோல்டர் போட்டு அடுக்கியவர்கள் அதனால் வேகமாகவும் கண்டுபிடிக்கவில்லை, அதிகமாகவும் கண்டுபிடிக்கவில்லை. அடுக்கிய நேரம் வீண். இதைப் படித்ததும் அக்கா மகள் சொன்னது சரி, எல்லாவற்றையும் ஒரே குவியலில் கொட்டிவிட்டு ஸர்ச்சை நம்பலாம் என்று தோன்றியது. ஆனால் சொந்த ஃபைல்களைத் தேடும்போது மனிதர்கள் பெரும்பாலும் ஸர்ச்சில் அடிப்பதில்லை, ஃபோல்டர் ஃபோல்டராக நடந்துதான் போகிறார்கள் என்று ஓஃபர் பெர்க்மன் என்பவரும் கூட்டாளிகளும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2015-ல் மூளையை ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். ஃபோல்டர் வழியே போகும்போது, நிஜமாக ஒரு இடத்தில் வழி கண்டுபிடித்துப் போகும்போது வேலை செய்யும் பகுதிகளே வேலை செய்தனவாம். ஸர்ச்சில் அடிக்கும்போது சொற்களுக்கான பகுதி விழித்துக்கொள்கிறது. அதாவது, பெயர் மறந்தவனும் வழியை நினைவு வைத்திருப்பான்.

மடலுக்கும் ஃபைலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மடலில் அனுப்பியவர் பெயர், தேதி, தலைப்பு, உள்ளே சொற்கள் எல்லாம் தானாக வந்துவிடுகின்றன, ஸர்ச் பிடித்துக்கொள்ள ஆயிரம் கொக்கிகள். என் ‘ஸ்கேன்0007’ ஒரு படம். உள்ளே ஒரு சொல்லும் இல்லை, வெளியே ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடத்தில் என் வாழ்க்கையின் மிகப் பெரிய ஃபைல் அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். ஃபோல்டரில் ஐந்து ஃபைல்கள். ‘இறுதி’, ‘இறுதி திருத்தம்’, ‘இறுதி-2’, ‘இதுதான் இறுதி’, ‘இறுதி அச்சுக்கு’. அச்சகத்திலிருந்து கேட்டபோது எது கடைசி என்று எனக்கே குழப்பம். புத்திசாலித்தனமாக, கடைசியாகத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். ‘இதுதான் இறுதி’ முதலில் வந்தது, அனுப்பிவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்ததும் 143-ஆம் பக்கத்தைத் திறந்தேன். நூலாசிரியர் மூன்று முறை தொலைபேசியில் சொல்லித் திருத்திய அடிக்குறிப்பு, திருத்தப்படாமல் பல்லை இளித்தது. நடந்தது இதுதான். உண்மையான கடைசி ஃபைல் ‘இறுதி-2’. ‘இதுதான் இறுதி’யை அதற்கு மறுநாள் எதற்கோ ஒப்பிடத் திறந்திருக்கிறேன். மூடும்போது பழக்கதோஷத்தில் சேவ் பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன். தேதி புதிதாகிவிட்டது, உள்ளே இருந்தது பழசு. நூலாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபட்டது. கம்ப்யூட்டர் காட்டும் தேதியை நம்பக் கூடாது. விண்டோஸில் ஒரு ஃபைலை வேறு டிஸ்குக்கு நகலெடுத்தால், உருவாக்கிய தேதி இன்றைக்கு மாறிவிடும், திருத்திய தேதி பழையபடியே இருக்கும். என் டிஸ்கில் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே திருத்தப்பட்ட ஃபைல்கள் நிறைய உண்டு. இரண்டாவது, ஃபோல்டர் ஃபைலோடு வராது. நான் ஐந்து அடுக்கு ஃபோல்டரில் எவ்வளவு விவரம் எழுதி வைத்திருந்தாலும், ஃபைலை மடலில் இணைத்து அனுப்பும்போது அது தன்னந்தனியாகத்தான் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது யாருடையது, எந்த நாளுடையது என்று சொல்ல அதன் பெயர் மட்டுமே இருக்கிறது. அச்சகத்துக்காரருக்கு ‘இறுதி’ என்ற பெயரில் அன்று எத்தனை பேர் ஃபைல் அனுப்பியிருப்பார்களோ.

எனவே இப்போது பெயரில்தான் கஞ்சத்தனம் இல்லாமல் எழுதுகிறேன். முதலில் தேதி, வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில். 1988-லிருந்து சர்வதேசத் தரமாக இருப்பதும் இந்த வரிசைதான். நாளை முன்னால் போட்டால், அகர வரிசையில் அடுக்கும்போது பன்னிரண்டு மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். வருடத்தை முன்னால் போட்டால் கால வரிசை தானாக அமையும். 3 என்று எழுதாமல் 03 என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 3-க்கு முன்னால் 10 வந்து குந்திக்கொள்ளும். தேதிக்குப் பிறகு யார், பிறகு என்ன. அந்த ரசீதின் பெயர் இப்போது ‘2019-03-12 ஓவியர் அட்டைப்படம் ரசீது’ என்ற வகையில் இருக்கிறது. அது எந்த ஃபோல்டரில் கிடந்தால் என்ன? நாலு வழியில் தேடினாலும் மாட்டும். ‘இறுதி’ என்ற சொல்லை என் கம்ப்யூட்டரிலிருந்து நாடு கடத்திவிட்டேன்.

பெயரிலேயே வகையை எழுதி வைப்பது தமிழுக்குப் புதிதில்லை. அகநானூற்றைத் தொகுத்தவர்கள் பாட்டுக்கு இட்ட எண்ணைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி, நான்கில் முடிந்தால் முல்லை, ஆறில் முடிந்தால் மருதம், பத்து, இருபது என்று வந்தால் நெய்தல். பாட்டைப் படிக்காமலே 126 மருதம் என்று சொல்லிவிடலாம். ஐந்து திணைக்கும் ஐந்து ஃபோல்டர் போடாமல், நானூறையும் ஒரே சரமாகக் கோத்து, வகையை எண்ணுக்குள் ஒளித்து வைத்தார்கள். அதன் கடைசிப் பகுதியின் பெயரே நித்திலக்கோவை, முத்துச் சரம். ஒரு முத்து நழுவியிருந்தாலும் எந்தத் திணைப் பாட்டு நழுவியது என்று எண்ணே சொல்லிவிடும். இதைப் படித்த நாளில், இணையத்தில் வியந்து பார்த்த, பத்து ஃபோல்டருக்குள் பத்து ஃபோல்டர் என்று எண் போட்டு அடுக்கும் தசம முறைகள் எல்லாம் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன.

தமிழிலேயே பெயர் வைக்கிறேன் என்பதால் சில தொல்லைகளும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கோப்புறை’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது 24 பைட். விண்டோஸில் சிக்கலில்லாமல் இருந்த நீளமான பெயர்கள், லினக்ஸுக்குப் போகும்போது ஏற்க மாட்டேன் என்று நின்றுவிட்டன. இதைவிட விநோதம் ஒன்று. ‘கோ’ என்பதை கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது முன்னே இரட்டைக் கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறியீடாக. திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. பழைய மெக் கம்ப்யூட்டர்கள் பெயரைப் பிரித்து எழுதி வைக்கும் வழக்கம் உள்ளவை. மெக் வைத்திருக்கும் நண்பரிடம் போய்த் திரும்பி வந்த ஃபைல்களால், என் ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயர் இரண்டு இருக்க முடியாதே என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர் என்று பெற்றவளுக்குத் தெரியும், ஸர்ச்சுக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

படங்கள் தனி வேதனை. டிஜிட்டல் கேமராக்கள் ஃபைலுக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று 1990-களின் இறுதியில் ஒரு விதி வகுத்தார்கள். நாலு எழுத்து, நாலு இலக்கம். 0001-லிருந்து 9999 வரை, அதற்கு மேல் போனால் மீண்டும் 0001. பத்தாயிரமாவது படம் எடுக்கும் நாளில், முதல் படத்தின் பெயரை அது எடுத்துக்கொள்ளும். இரண்டு கேமரா இருக்கும் வீட்டில் அதற்கும் முன்பே மோதல் வரும். எனக்கு வந்தது. ஒரு குடும்ப விழாவில் நான் ஒரு கேமரா, தம்பி ஒரு கேமரா. இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் இறக்கினேன். இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது. ஏற்கெனவே பாதி நகலெடுத்து நின்றுபோனதைத் திரும்பச் செய்கிறோம், அதனால் கேட்கிறது என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ஆம் என்று டிக் அடித்தேன். தம்பியின் படங்கள் என் படங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. நாம் அழிக்கும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். இப்படி மேலெழுதப்படும் ஃபைல் அங்கேகூடப் போகாது. கார்டையும் அன்று மாலையே ஃபார்மேட் செய்துவிட்டிருந்தேன். அறுபத்து மூன்று படங்கள். அம்மா சிரித்துக்கொண்டு நின்ற ஒரு படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் பார்த்ததோடு சரி.

அதன் பிறகு கார்டிலிருந்து இறக்கும்போதே, படத்துக்குள் கேமரா பதித்து வைக்கும் தேதியையும் நேரத்தையும் எடுத்து ஃபைல் பெயராக மாற்றிவிடும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசமாகவே பல கிடைக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அந்த உள்தேதி உரித்து எடுக்கப்பட்டிருக்கும். பெயரில் இருப்பது எடுத்த தேதி கிடையாது, கைமாறிய தேதி. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் 2021-ல் எடுத்ததாக என் டிஸ்கில் ரொம்ப நாள் இருந்தது.

ஃபோல்டர்களை முழுசாக விட்டுவிடவும் இல்லை. நாலே நாலு வைத்திருக்கிறேன். ‘வந்தவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’, ‘ஆவணங்கள்’. நடப்பதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஃபோல்டர். முடிந்ததும் அது அந்த வருடத்துக்குள் போய்விடும். மூன்று அடுக்குக்குக் கீழே இறங்குவதில்லை. ‘இதர’ கிடையாது. யுகியோ நொகுச்சி என்ற ஜப்பானியப் பொருளாதார அறிஞர் 1990-களில் ஒரு முறையைப் பரப்பினார். தாள்களை உறையில் போட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்து, வகை பிரிக்காதே. எடுத்துப் பயன்படுத்தியதைத் திரும்ப வைக்கும்போது இடது ஓரத்தில் வை. நாளடைவில் வேண்டியவை இடப்பக்கம் சேரும், வேண்டாதவை வலப்பக்கம் ஒதுங்கும். ‘வந்தவை’ ஃபோல்டரைத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தி வைத்திருப்பது ஏறக்குறைய அதுதான். தேதியை நம்பாதே என்று மேலே எழுதியவன் இதைச் சொல்வது முரண்தான். இருக்கட்டும்.

ஒரே ஃபைலின் நகல்களைக் களைவது மட்டும் எளிதாக முடிந்தது. உள்ளடக்கத்தை வைத்துக் கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிட்டு, பெயர் வேறாக இருந்தாலும் ஒன்றே என்று காட்டிக்கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு ராத்திரி ஓடவிட்டேன். டிஸ்கில் பாதி காலியானது.

மிஞ்சியது அந்த ‘பார்க்கணும்’. அதற்குக் குறுக்குவழி கிடையாது, திறந்து பார்த்தால்தான் பெயர் வைக்க முடியும். நாளைக்குப் பத்து என்று கணக்கு. பெரும்பாலும் ஸ்கேன், பாதியில் நின்ற மொழிபெயர்ப்பு, எதற்கு இறக்கினேன் என்றே தெரியாத பிடிஎஃப். பழைய எழுத்துருவில் அடித்த ஒரு கட்டுரை திறந்ததும் புரியாத குறிகளாக வந்தது, யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தால் நான் எழுதியதுதான். இன்னொருவர் எழுதியதாக இருந்திருக்கலாம், அவ்வளவு மோசம்.

நேற்று வந்தது ஓர் ஒலிப்பதிவு. பெயர் ‘ஆர்இசி003’. தேதி 2005 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி 4 நிமிடம். கடிகாரம் செட் செய்யாத கருவி போட்டுக்கொண்ட தேதி. பதினோரு நிமிடம். பெயர் வைப்பதற்காக முழுசும் கேட்க வேண்டியிருந்தது. முதலில் ஃபேன் ஓடும் சத்தம். ஒரு நாற்காலி இழுபடுகிறது. பிறகு பாட்டியின் குரல், ரொம்பப் பக்கத்தில். “இது ஓடுதா?” நான் ஓடுது என்கிறேன். “என்ன பேசணும்?” எதையாவது பேசு என்கிறேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. ஒரு முறை இருமுகிறாள். மறுபடியும், “ஓடுதா இன்னும்?” மிச்சமெல்லாம் ஃபேன்.

கருவி வாங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பாட்டி போனது 2009. அதற்கு முந்தைய ஏதோ ஒரு கோடைக்காலமாக இருக்கும். பெயர்ப் பெட்டியில் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. ‘2009-க்கு முன் பாட்டி இது ஓடுதா’ என்று அடித்து, என்டரைத் தட்டினேன். 412-ல் இன்னும் 271 பாக்கி.